14. நாலு விரல் மூடாத கதவு

போன வாரம் நாம் அந்த வண்டியை விட்டுவந்தபோது அதற்கு மூடி இல்லை. இந்த வாரம் மூடி இருக்கிறது. பின்கதவுதான் சாத்த வரவில்லை.

சரியாக நாலு விரல். காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அவள் ஷெட்டுக்கு வந்து, கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தாள். ராத்திரியோடு ராத்திரியாக மரம் கொஞ்சம் சுருங்கியிருக்காதா என்று ஒரு நப்பாசை. நாலு விரலும் தாராளமாகப் போயின.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அவளுடைய கணவர் இருபது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். பிறவி இடக்கைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்த வெந்நீர் டாங்க் நழுவி, அந்த இடது கையின் விரல்களை நசுக்கிவிட்டது. அதுவரை அவருக்கு எடுபிடியாகப் போய்க்கொண்டிருந்த மனைவி, "கை சரியாகுற வரைக்கும்" என்று சொல்லி பிக்அப் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டாள். கை பாதி சரியானது. மீதிப் பாதிக்கு இன்னும் காத்திருக்கிறார்கள். இதற்கிடையில் தெருவில் அவளுக்குக் குழாயம்மா என்றே பெயராகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் வண்டியின் பின்தொட்டியில் ஸ்பானரும் வால்வும் உருண்டு கிடந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், "ஒரே நாள்ல உனக்கு இழுப்பறை பண்ணித் தர்றேன்" என்று கணவர் கிளம்பினார். அந்த ஒரே நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

வண்டியின் தொட்டிக்கு ஒரு மூடி உண்டு. கடை ஷட்டர் மாதிரி முன்பக்கம் சுருண்டுகொள்ளும், பின்னால் இழுத்தால் பூட்டிக்கொள்ளும். சுருண்ட ஷட்டர் உட்காருவதற்கென்று டிரைவர் முதுகுப் பக்கம் ஒரு பெட்டி தொட்டிக்குள் இறங்கியிருக்கும். கணவர் என்ன செய்தார் என்றால், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஷட்டரையும் அதன் பெட்டியையும் முதலில் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு வெறுந்தொட்டியை அங்குலம் அங்குலமாக அளந்தார். பிளைவுட்டை அறுத்தார், இரண்டு நீள இழுப்பறை செய்தார், வார்னிஷ் அடித்தார். நேற்றுச் சாயங்காலம் ஷட்டரைத் திரும்ப மாட்டும்போதுதான் அதற்கும் ஒரு இடம் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. இழுப்பறைகளைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. தள்ளியதில் அவை வெளியே நீட்டிக்கொண்டன. நாலு விரல்.

"ஒரே நாள் வேலை" என்றார் இப்போதும், டீ டம்ளரை வலது கையில் வைத்துக்கொண்டு. "நாளைக்கு வண்டியை விட்டுட்டுப் போனா முடிச்சிடுவேன்."

நாளைக்கு. இன்றைக்குப் பத்து மணிக்குப் பெரிய சலவை நிலையத்தில் அவள் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அங்கேதான் துவைக்கிறார்கள். பன்னிரண்டு இயந்திரம், அத்தனைக்கும் ஓயாமல் தண்ணீர். வருஷம் முழுக்கக் குழாய் வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். இன்று ஒரு நாள் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அங்கே மேலாளராக இருக்கும் அம்மாள் சொல்லியிருந்தாள். கிடைத்தால், காலையில் எழுந்து யார் கூப்பிடுவார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

அவளுக்குக் கோபம் வந்தது. புருஷன் சோம்பேறியாக இருந்தால் திட்டலாம். குடிகாரனாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். காலை ஆறு மணியிலிருந்து தனக்காக உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கிற மனிதரை என்ன செய்வது? அவர் செய்கிற ஒவ்வொரு உதவியும் அவளுக்கு இரண்டு வேலையைப் பெற்றுப் போட்டது. அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது.

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது, சட்டென்று நின்றது. மெஷின் நின்றால் அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அண்ணி கணவரின் மூத்த சகோதரி. முப்பது வருஷமாகத் தையல். முன்னறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்த வீட்டில் ரகசியம் எதுவும் தங்காததற்கு அந்த ஜன்னல் ஒரு காரணம், அண்ணி இன்னொரு காரணம்.

அண்ணி ஜன்னல் வழியாகவே ஒரு சிவப்புத் துணியை நீட்டினாள். பின்பக்கம் நீட்டிக்கொண்டு போகிற வண்டிக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டுமாம். வெட்டிப்போட்ட ரவிக்கைத் துணி. நல்ல வெல்வெட்.

"கட்டிக்கிட்டுப் போம்மா. பார்க்கிறவன் கல்யாண வண்டின்னு ஒதுங்கி நிப்பான்."

அவள் சிரிக்கவில்லை. கயிற்றைப் போட்டுப் பின்கதவை இறுக்கினாள். சாமானெல்லாம் அடுக்கியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று கணவர் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததற்காகத் தன் மேலும் கொஞ்சம் வந்தது.

*

சலவை நிலையத்துக்குள் பேச்சு என்றால் கத்தல்தான். மேலாளர் அம்மாள் கொண்டையில் இரண்டு பேனாவைச் செருகியிருந்தாள். ஏழாம் நம்பர் இயந்திரத்துக்குப் போகும் குழாய் மூட்டில் கசிவு, இயந்திரத்தை அரை மணிக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது என்று காதருகே வந்து கத்தினாள். கத்திவிட்டு, வண்டி வரைக்கும் கூடவே வந்தாள். எப்படி வேலை செய்கிறாள் என்று பார்ப்பதற்குத்தானே வரச் சொன்னது.

அவள் கயிற்றை அவிழ்த்தாள். ஷட்டர் பூட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. மேல்பக்கம் திறக்க வரவில்லை. போகட்டும், பின்பக்கம் இருக்கிறதே என்று முதல் இழுப்பறையை இழுத்தாள். வரவில்லை. வலது பக்கம் ஒரு கொக்கி. அதை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் இழுக்க வேண்டும். அவளுக்கு வலது கையில்தான் பலம். வலது கையால் இழுக்கப் போனால் இடது கை குறுக்கே போய்க் கொக்கியைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாத்தியார் முன்னால் கைகட்டி நிற்கும் பிள்ளை மாதிரி நின்று, ஒரு காலை பம்பரில் முட்டுக் கொடுத்து இழுத்தாள்.

திறந்தது. பாதிவரை வந்து நின்றது. மீதிப் பாதிக்குக் கைவிட்டுத் துழாவ வேண்டும். துழாவினாள். விரல் நுனிக்கும் உள் கோடிக்கும் நடுவே அரைச்சாண் மிச்சம் இருந்தது.

மேலாளர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டாவது இழுப்பறையைத் திறந்தபோது அவளுக்கு ஒரு கணம் கை ஓடவில்லை. உள்ளே கறுப்பு ஃபோம் விரித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்துக்கும் அச்சாகப் பள்ளம் வெட்டியிருந்தது. அத்தனை சுத்தமான வேலை. நடுநாயகமாக, இழுப்பறையின் வாயோரம் வரை நீண்டு, மூன்றடி நீளத்தில் ஒரு பைப் ரெஞ்ச் படுத்திருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கவே அவளுக்கு மூச்சு வாங்கும். விபத்துக்குப் பிறகு பரணில் ஏறியது, எண்ணெய் போட்டுத் துடைத்து மினுமினுவென்று கீழே இறங்கி வந்திருந்தது. பக்கத்தில் அவருடைய பெரிய ஸ்பானர்கள். அவருடைய இரும்பறுக்கும் ரம்பம். அவருடைய தோல் கையுறை, இடது கைக்கு மட்டும்.

அவளுடைய சின்ன ரெஞ்ச்சுக்குப் பள்ளம் இல்லை. அவள் தினமும் கையில் எடுக்கிற எதற்கும் இல்லை.

அவையெல்லாம் இழுப்பறைகளுக்கு மேலே, ஷட்டருக்கு அடியில், அந்தக் கோடியில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. டின் தெரிந்தது. கைக்கு எட்டவில்லை. கம்பு, குடை எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றினாள், பின்கதவில் ஏறினாள், குப்புறப் படுத்து, ஷட்டருக்கும் பலகைக்கும் நடுவே இருந்த சந்தில் ஊர்ந்து போனாள். வருஷ ஒப்பந்தம் கேட்டு வந்தவளின் இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் மேலாளருக்குக் காட்சி தந்தன.

உள்ளே இருட்டு. வார்னிஷ் வாசனை. தலையை நிமிர்த்தியதில் ஷட்டரில் நங்கென்று இடித்துக்கொண்டாள். முழங்கை சிராய்க்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஊர்ந்தாள்; சிராய்க்கவில்லை. பலகையின் ஒவ்வொரு ஓரமும் மழமழவென்று தேய்த்து வளைக்கப்பட்டிருந்தது. ஒரு சிலாம்புகூட இல்லை. எத்தனை நாள் தேய்த்திருப்பார். அந்த இருட்டில் படுத்துக்கொண்டு, யாருக்காகத் தேய்த்தார் என்று அவள் முதன்முதலாக யோசித்தாள்.

மூன்று வாரமாக அவர் "உனக்கு, உனக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. கை போகிற போக்கில் செய்துகொண்டு போயிருக்கிறார். போனது அவருடைய கை.

டின்னோடு வெளியே வந்து, இருபது நிமிஷத்தில் கசிவை நிறுத்தினாள். பழைய வாஷரைப் பிடுங்கி, மரை தேய்ந்திருந்த இடத்தைத் துடைத்து டேப் சுற்றி, புது வாஷர் போட்டு இறுக்கினாள். வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்குக் கோபதாபம் எதுவும் நினைவிருக்காது. குழாய் மூட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்த மேலாளர் அம்மாள், விரல் காய்ந்திருந்ததைக் கண்டு முதல்முறையாகத் தலையாட்டினாள். அப்புறம் கட்டடத்துக்குப் பின்னால் அழைத்துப்போய் இன்னொன்றைக் காட்டினாள். மெயின் வால்வு. மூன்று அங்குலக் குழாய், துரு பிடித்து இறுகிப் போனது. திங்கட்கிழமை இயந்திரங்களுக்கு ஓய்வு. அன்றைக்கு அதை மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை அது. ஒருவர் குழாயைப் பிடிக்க வேண்டும், ஒருவர் திருக வேண்டும். அவள் வாயைத் திறந்து அதைச் சொல்வதற்குள், வண்டியருகே திரும்பிவந்த மேலாளர் அம்மாள் திறந்து கிடந்த இழுப்பறைக்குள் பார்த்துவிட்டாள்.

"இவ்வளவு பெரிய ரெஞ்ச் யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அவரும் வேலைக்கு வருவாரா?"

"வருவார்" என்றாள் அவள். "நாங்க ரெண்டு பேரும்தான்."

சொன்ன பிறகுதான் தன் குரலையே கேட்டாள். ஒப்பந்தத்துக்காகச் சொன்னாளா, எண்ணெய் போட்டு மினுங்கிக்கொண்டிருந்த அந்த ரெஞ்ச்சுக்காகச் சொன்னாளா? வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிற வழியெல்லாம் கேட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் சிவப்பு வெல்வெட் மட்டும் படபடத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

*

மூன்று மணிக்கு வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தபோது கணவர் காதில் பென்சிலோடு தயாராக நின்றார். சலவை நிலையத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இழுப்பறை எப்படி இருந்தது என்றுதான் கேட்டார்.

பகல் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தது ஒன்றாக வந்தது. கொக்கி இருக்கிற பக்கம், எட்டாத கோடி, குப்புறப் படுத்து ஊர்ந்தது, தலையில் இடித்தது. வரிசையாகச் சொன்னாள். குரல் உயரவில்லை, அதனால்தான் அவர் பயந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். கொக்கிக்கு எண்ணெய் போட்டால் சரியாகிவிடும். கோடியிலிருப்பதை எடுக்க ஒரு கொக்கிக் கம்பு செய்து தருவார். ஒரே நாள் வேலை.

"என் சாமானுக்கு எங்க இடம்?" என்று கேட்டாள்.

"டின்ல வெச்சிருந்தேனே."

முன்னறையில் மெஷின் நின்றது.

பதில் சொல்லத் திரும்பியவள், அவருடைய தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். மூன்று வாரமாகப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த பென்சில் கோடுகள்தான். இன்றைக்குத்தான் படித்தாள். அவர் கையெழுத்தில் 'நிற்கிற உயரம்' என்று ஒரு கோடு; அவள் தலைக்கு மேலே அரைச்சாண் தள்ளி இருந்தது. 'கை எட்டுவது 33' என்று இன்னொன்று.

"இது யார் கை?"

அவர் திரும்பிப் பார்த்தார். தான் எழுதியதையே புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பக் காதில் வைத்தார். பதில் ஜன்னலிலிருந்து வந்தது.

"அவன் கைதான்" என்றாள் அண்ணி. "டேப்பை அவன் தோள்ல வெச்சுப் பிடிச்சது நான். சட்டை யாருக்குன்னு கேக்காம நான் ஒரு நாளும் துணியை வெட்டினதில்ல. அன்னைக்குக் கேக்கலை. கேட்டா என்ன சொல்லுவானோன்னு இருந்துச்சு."

அவருக்குக் காது மடல் சிவந்தது. கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டால் சௌகரியமாக இருக்கும். அவர் போய் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். வலது கையால் கொக்கியை அழுத்தி, இடது கையால் இழுத்தார். இரண்டு முறை அந்த விரல்கள் கைப்பிடியிலிருந்து நழுவின. மூன்றாவது முறைதான் திறந்தது. தனக்கென்று செய்ததை அவராலும் ஒழுங்காகத் திறக்க முடியவில்லை என்பதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

அவளுக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் இன்றைக்குச் சொல்லாவிட்டால், கை சரியாகுற வரைக்கும் என்ற அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே இன்னும் இரண்டு வருஷம் டின்னைத் தேடி ஊர்ந்துகொண்டிருப்பாள்.

"வண்டியை ஓட்டுறது நான். குனியறது நான். தேடுறதும் நான்" என்றாள். "உங்க வேலையைத்தான் செய்யறேன், இல்லேங்கல. ஆனா என் கையாலதான் செய்யறேன்."

"உன்னை நிக்க வெச்சு அளவெடுக்க நீ எப்போ வீட்ல இருந்தே?"

"இப்போ இருக்கேன். எடுங்க."

அண்ணியின் டேப் ஜன்னல் வழியாகப் பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது.

அவர் எடுத்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்று வலது கையை நீட்டினாள். டேப்பின் நுனியை இடது கையால் அவள் தோளில் வைத்துப் பிடிக்கப் பார்த்தார், நழுவியது. கை மாற்றிக்கொண்டார். அவருடைய மூச்சு அவள் கழுத்தில் பட்டது. இந்த மூன்று வாரத்தில் இவ்வளவு கிட்டத்தில் இருவரும் நின்றதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதைக்கூட ஒரு இழுப்பறைக்காகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்று அடுத்த நினைப்பு வந்தது.

"இருபத்தெட்டு" என்றார்.

சுவரில் 33-ஐக் குறுக்கே அடித்தார். அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் முணுமுணுத்தது, கணக்குப் போடுகிறார். சட்டென்று மண்டி போட்டு, நீட்டிக்கொண்டிருந்த பலகையில் விரலை வைத்து அளந்தார்.

இழுத்த பிறகு இழுப்பறையில் உள்ளே மிஞ்சுகிற பாதியை அவர் கை எட்டுகிற தூரத்துக்குத்தான் அளந்திருந்தார். அவளுடைய கைக்கு என்றால் ஐந்து அங்குலம் குறைக்கலாம். ஐந்து அங்குலம் குறைத்தால் எதுவும் வெளியே நீட்டாது. பின்கதவு சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டு கொஞ்சம் இடமும் மிஞ்சும்.

"அப்போ முதல்லயே அவளை அளந்திருந்தா கதவு மூடியிருக்கும்" என்றாள் அண்ணி. "மூணு வாரம். என் நல்ல வெல்வெட்டு."

இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே அடங்கியும் விட்டது. ஏனென்றால் வெட்டு எங்கே விழும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பென்சிலால் கோடு போட்டார். கோடு நேராக ஃபோமில் அந்தப் பெரிய பள்ளத்தின் குறுக்கே போயிற்று.

"உன் சாமானையெல்லாம் வெக்கணும்னா இந்த ரெஞ்ச்சுக்கு இடமிருக்காது" என்றார்.

அவள் சொல்ல வேண்டியது ஒன்று நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை. மெயின் வால்வு. நாங்கள் ரெண்டு பேரும். இப்போது, இந்தக் கோட்டைப் போட்ட கையோடு, எந்த வாயால் சொல்வது? ராத்திரி சாப்பிட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அவர் ரெஞ்ச்சைப் பள்ளத்திலிருந்து எடுத்தார். வலது கையால் தூக்கி, இடது கையை அடியில் சும்மா கொடுத்துக்கொண்டார். பரணுக்குக் கீழே ஏணியைக் காலால் நகர்த்தினார். ஒரு படி ஏறினார்.

பானெட்டின் மேல் வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது. அவள் கையெல்லாம் இன்னும் சலவை நிலையத்துக் கிரீஸ். ஏணியிலிருந்தவருக்குத்தான் போன் கிட்டத்தில் இருந்தது. எப்போதும்போல அவர்தான் எடுத்தார். அவள் வீட்டில் இருக்கும்போது வரும் அழைப்பையெல்லாம் இரண்டு வருஷமாக அவர்தான் எடுத்துக் குறித்து வைக்கிறார். ரெஞ்ச்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டார். "ஆமாங்க" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய அந்தக் குரல் அவள் நின்ற இடம்வரை கேட்டது.

"சொல்றேங்க" என்று போனை வைத்தார்.

ஏணியில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரெஞ்ச்சைப் பார்த்தார். சுவரில் அடித்துவிட்ட 33-ஐப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை நானும் வர்றதா சொல்லிட்டு வந்திருக்கே" என்றார். "எந்தக் கையோட?"

முன்னறையில் மெஷின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.